எலும்பும் தசையும் கற்கப் புகுவோர்க்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் நம் வழக்கம். இவ்வாண்டு விழாக் குழுவினர், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளனர். இலக்கியச் சுவையை நாடி வந்த பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். பிள்ளைகளின் வாழ்வும் தமிழ்ச் சங்கத்தின் கவலைக்கு உரியதே என்னும் துணிவுடன் தொடங்குகின்றோம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் குடும்பத்துப் பிள்ளைகள் அண்மைக் காலமாக ஒரு வினாவைக் கேட்கின்றனர். "முதுகெலும்பைக் கையாலேயே சரிசெய்யும் கைரோபிராக்டிக் என்று ஒரு படிப்பு உண்டாமே, அதில் சேர இப்பொழுதே என்ன செய்ய வேண்டும்?" என்பது அவ்வினா. இந்த ஆர்வத்தை எழுப்பியது கைபேசி. ஒருவர் நோயாளியின் கழுத்தைப் பற்றித் திருப்புகின்றார். 'டக்' என்று ஓர் ஒலி கேட்கின்றது. நோயாளி புன்னகையுடன் எழுகின்றார். காண்பதற்கு இது மாயம் போலவே உள்ளது.

அந்த ஒலியிலிருந்தே தொடங்குவோம். நாம் விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்கும் ஒலிதான் அது. விலகிய எலும்பு இடத்தில் வந்து அமர்வதால் எழுவதன்று. மூட்டினுள் வழவழப்பான நீர் ஒன்று உண்டு. மூட்டு சட்டென விரியும்போது அந்நீரினுள் ஒரு வெற்றிடம் தோன்றுகின்றது. கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து நெட்டி முறித்து, இதனைப் படமாகவே எடுத்து 2015-இல் வெளியிட்டனர். ஒலியைக் கேட்டு வியப்பவன் வேடிக்கை பார்ப்பவன். ஒலி எதனால் எழுந்தது என்று கேட்பவனே மாணவன். இந்தக் கல்விக்கு வேண்டிய முதல் தகுதி அந்தக் கேள்வியே ஆகும்.

கையால் எலும்பைப் பேணும் கலை நம் பகுதிக்குப் புதியதன்று. திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் சாலையில் உள்ள புத்தூரின் பெயரை அறியாதார் யார்? சென்னையின் பல தெருக்களில் 'புத்தூர் கட்டு' என்னும் பலகையை இன்றும் காணலாம். புத்தூரை அடுத்த சிற்றூரில் நூறாண்டுக்கும் மேலாக ஒரு குடும்ப மரபினர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகின்றனர். பச்சிலைச் சாந்து, முட்டையின் வெண்கரு, மூங்கிற் பட்டை, துணி ஆகியவையே அவர்தம் கருவிகள். விரலால் தடவி முறிவின் இடத்தை உணரும் பயிற்சி மதிக்கத்தக்கதே.

எனினும் எந்தக் கட்டாயினும் அளவுக்கு மீறி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்தில் தசை அழியத் தொடங்கும். கை பறவையின் நகம் போல் மடங்கி நின்றுவிடும். செருமானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881-இல் இதனை விளக்கி எழுதினார். விரல் நீலம் பூத்தல், மரத்தல், விரலை நீட்டினால் தாங்கொணா வலி ஆகியவை அதன் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் கட்டை அவிழ்த்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கைத்திறனோடு இந்த அறிவும் சேர வேண்டும் என்பதற்காகவே கல்லூரி ஏற்பட்டது.

இனிக் கைரோபிராக்டிக்கின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். அமெரிக்க நாட்டு அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட்டு என்னும் ஊரில், 1895-ஆம் ஆண்டு, டேனியல் டேவிட் பாமர் என்பவர் ஹார்வி லில்லார்டு என்னும் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தினார். அதனால் லில்லார்டின் காது கேளாமை நீங்கியது என்று கூறினார். 1897-இல் ஒரு பள்ளியையும் தொடங்கினார். மருத்துவ உரிமம் இன்றி மருத்துவம் செய்தமைக்காக 1906-இல் சிறை சென்றார். கான்சாஸ் மாநிலம் 1913-இல் முதன்முதலாக இத்தொழிலுக்குச் சட்டம் இயற்றியது. கடைசி மாநிலமான லூசியானா 1974-இல்தான் இயற்றியது.

நோய்கள் பெரும்பாலும் முதுகெலும்பு விலகுவதால் வருவன என்பது பாமரின் கொள்கை. இன்றைய அறிவியல் அதனை ஏற்கவில்லை. ஆனால் இடுப்புவலிக்கு, உடற்பயிற்சி போன்ற பிற முறைகளைப் போலவே, கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையும் ஓரளவு பயன் தருகின்றது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கழுத்தை வேகமாகத் திருப்பும் முறையில், அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்வதுண்டு என்பதையும் மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. நன்மையையும் தீமையையும் ஒருங்கே அறிந்தவனே பிறர் கழுத்தில் கை வைக்கத் தகுந்தவன்.

அங்கே சென்று பயில விரும்பும் பட்ட வகுப்பு மாணவர் அறிய வேண்டுவன சில. அமெரிக்கக் கைரோபிராக்டிக் கல்விக் குழுவின் விதிப்படி, கல்லூரியில் சேருமுன் 90 பருவ மணி அளவுக்குப் பட்ட வகுப்புப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அது ஏறத்தாழ மூன்றாண்டுப் படிப்பு. மதிப்பெண் சராசரி நான்குக்கு மூன்றேனும் இருத்தல் வேண்டும். அப்பாடங்களுள் 24 மணி உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற அறிவியலாக இருக்க வேண்டும். அவற்றிலும் பாதியேனும் ஆய்வுக்கூடப் பயிற்சியோடு அமைய வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு உரிய நுழைவுத் தேர்வு இதற்குக் கட்டாயமில்லை. பட்டம் பெற்ற பின்னர்த் தேசியத் தேர்வுகளில் தேறி, தொழில் செய்யும் மாநிலத்தில் உரிமம் பெற வேண்டும்.

ஆகவே திருப்பதியில் பி.எஸ்ஸி. பயிலும் மாணவன் இவ்வழியை எண்ணினால், விலங்கியலையும் வேதியியலையும் ஊன்றிப் படிக்க வேண்டும். ஆய்வுக்கூடப் பதிவேட்டைப் பிறரைப் பார்த்து எழுதும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும். பாடத்திட்டத்தின் படிகளையும் பருவந்தோறும் பெற்ற மதிப்பெண் சான்றுகளையும் பாதுகாக்க வேண்டும். வெளிநாட்டார் நம் பட்டத்தை மதிப்பிடும்போது கேட்பவை அவையே.

இத்தனையும் செய்த பின்னரும் ஒரு செய்தியை மறவாதிருத்தல் வேண்டும். நம் நாட்டில் கைரோபிராக்டிக்கிற்கெனத் தனிச் சட்டம் இல்லை. அந்த அமெரிக்கக் குழுவின் ஏற்புப் பெற்ற கல்லூரி ஒன்றும் இங்கு இல்லை. பெருஞ்செலவில் அங்கே பட்டம் பெற்று ஊர் திரும்புவோருக்கு, அப்பட்டத்தைப் பதிவு செய்யும் தனிக் கழகம் இங்கு கிடையாது. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர், அனுப்புமுன் இதனை அறிதல் வேண்டும். சில வாரப் பயிற்சி அளித்துச் சான்றிதழ் தந்து, 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவோரும் உளர். அவர்களிடம் பணத்தை இழப்பது ஒரு பங்கு. அந்தச் சான்றிதழை நம்பி முதுகைக் கொடுக்கும் நோயாளி இழக்கக் கூடியது அதனினும் பெரிது.

அப்படியானால் இந்த ஆர்வமுள்ள பிள்ளைக்கு நம் ஊரிலே வழி இல்லையா? நல்ல வழி உண்டு. பிசியோதெரபி என்று நாம் வழங்கும் இயன்முறை மருத்துவமே அது. எலும்பு, மூட்டு, தசை, நரம்பு ஆகியவற்றைக் கையாலும் பயிற்சியாலும் கருவியாலும் சீர்படுத்தும் கல்வி அது. 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய இணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் பிசியோதெரபியைத் தனித் தொழிலாக ஏற்றுள்ளது. முன்னர் நான்கரை ஆண்டாக இருந்த பட்டப் படிப்பு, 2025-இல் வெளியான புதிய பாடத்திட்டத்தின்படி, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியோடு ஐந்தாண்டாக வகுக்கப்பட்டுள்ளது.

திருப்பதிக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. தேவஸ்தானத்தின் சார்பில் தோன்றிய வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், நாம் 'ஸ்விம்ஸ்' என்று அழைக்கும் இடத்தில், பிசியோதெரபிக் கல்லூரியே இருக்கின்றது. அருகிலேயே 'பர்டு' மருத்துவமனை உள்ளது. உடல் ஊனமுற்றோர்க்கென 1985-இல் தோன்றியது அது. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகளைப் பெற்றோர் தோளில் சுமந்து வந்த காலம் அது. இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 2011 சனவரியில். 2014 மார்ச்சில் அந்நோய் ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. ஆனால் வேலை குறைந்துவிடவில்லை. சாலை விபத்து, பக்கவாதம், மூட்டுத் தேய்வு ஆகியவற்றால் எழுந்து நடக்க இயலாதவர் எண்ணிறந்தோர். அவர்களை மீண்டும் நடக்க வைக்கும் கைகள் இன்னும் பல வேண்டும்.

சித்தூர்ப் பிள்ளைகளுக்கோ எல்லைக்கு அப்பால் வேலூர் கூப்பிடு தூரம். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீசின் வாழ்வை ஒவ்வொரு மாணவரும் அறிதல் வேண்டும். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார் அவ்வம்மையார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1962-இல் வேலூர் திரும்பி அத்துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. படுக்கையில் கிடந்தோரை உட்கார வைத்து, உட்கார்ந்தோரைத் தொழில் செய்ய வைத்த நிலையம் அது.

இனி மாணவச் செல்வங்கள் இப்பொழுதே செய்ய வேண்டுவனவற்றைக் கூறுவோம்.

முதலாவது, சரியான பாடப் பிரிவு. பத்தாம் வகுப்பு முடிந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று எம்.பி.சி. பிரிவில் சேர்த்துவிடும் பெற்றோர் உளர். பிசியோதெரபிக்கு உயிரியல் வேண்டும், ஆதலால் பை.பி.சி. பிரிவே பொருந்தும். நுழைவுத் தேர்வு பற்றிய விதி மாறி வருகின்றது. சேரும் ஆண்டின் அறிவிப்பை ஆணையத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் நேரில் பார்த்தறிக.

இதனோடு, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. அரசியல் சட்டத்தின் 371-டி பிரிவின் கீழ் 1974-இல் வந்த ஆணைப்படி, ஆந்திரத்தில் நூற்றுக்கு 85 இடங்கள் உள்ளூர் மாணவர்க்கு உரியவை. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அந்தப் பகுதியிலேயே படித்தவன் உள்ளூர் மாணவன் ஆவான். வீட்டில் தமிழ் பேசுவது அதற்குத் தடையன்று. ஆனால் பதினொன்றாம் வகுப்புக்குச் சென்னைக்கோ வேலூருக்கோ பிள்ளையை அனுப்பிவிட்டால், அந்த உரிமை கைநழுவக்கூடும். அனுப்புமுன் இதனைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, இயற்பியலை வெறுக்காதிருத்தல். உயிரியல் மாணவர் பலர் இயற்பியலைச் சுமையாகக் கருதுகின்றனர். நெம்புகோல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். முழங்கையை மடித்து உள்ளங்கையில் ஐந்து கிலோ எடையை ஏந்துகின்றோம். அந்த எடை முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. மேற்கைத் தசையோ மூட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தொலைவில் எலும்பைப் பற்றியுள்ளது. ஆகவே, கையின் எடையைக் கணக்கிடாமலே, அந்தத் தசை 35 கிலோவின் விசையோடு இழுக்க வேண்டியுள்ளது. முதுகிலும் இதே கணக்குத்தான். சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் இடுப்பு வட்டில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட நிமிர்ந்து உட்காரும்போது அழுத்தம் கூடியது. முன்குனிந்து எடையைத் தூக்கும்போது மேலும் கூடியது. மாம்பழப் பருவத்தில் சித்தூர்ச் சந்தையில் பெட்டி தூக்கும் தொழிலாளியை நோக்குங்கள். பெட்டியை உடலோடு அணைத்துத் தூக்குபவர்க்கும் கையை நீட்டித் தூக்குபவர்க்கும் உள்ள வேறுபாடு இந்தக் கணக்கால் விளங்கும்.

மூன்றாவது, கண்ணுக்குப் பயிற்சி. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் படிகள் சுமார் 3,550. அங்கே ஒரு மணி நேரம் அமர்ந்து மக்களின் நடையைக் கவனியுங்கள். ஏறும்போது நலமாக இருந்தவர் பலர், இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வர். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கித் தடுக்க வேண்டியிருக்கின்றது. அவ்வழுத்தம் முழங்கால் சில்லின்மேல் விழுகின்றது. யார் எந்தப் பக்கம் சாய்கின்றார், யார் எந்தக் காலை முதலில் வைக்கின்றார் என்று பார்க்கப் பழகியவனுக்குக் கல்லூரியின் நடைப் பாடம் எளிதாகும்.

நான்காவது, செவிக்கும் நாவுக்கும் பயிற்சி. இதில் நம் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஒரு செல்வம் வாய்த்துள்ளது. நோயாளி வெறுமனே 'வலி' என்று சொல்வதில்லை. குத்துகிறது, குடைகிறது, இழுக்கிறது, எரிகிறது, மரத்துப் போகிறது என்று பலவாறு சொல்கின்றார். தெலுங்கரோ 'நொப்பி' என்றும் 'மண்ட்ட' என்றும் 'திம்மிரி' என்றும் வேறுபடுத்திச் சொல்கின்றார். எரிவும் மரப்பும் பெரும்பாலும் நரம்பைச் சுட்டும். இழுப்பு தசையைச் சுட்டும். குடைச்சல் ஆழ்ந்த மூட்டைச் சுட்டலாம். இரு மொழியும் அறிந்த நம் பிள்ளை, திருப்பதிக்கு வரும் சேலத்துப் பாட்டியிடமும் கடப்பை விவசாயியிடமும் அவரவர் சொல்லிலேயே கேட்டறிய இயலும். வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். வெளியில் தெலுங்கைக் குறைவாக எண்ணாதீர்கள். இரண்டும் நோயாளிக்குப் பயன்படும் கருவிகள்.

ஐந்தாவது, தொடக் கூடாத இடத்தை அறிதல். இடுப்புவலியோடு வந்த ஒருவர்க்குச் சிறுநீர் கழிக்க இயலவில்லை, இரு தொடைகளின் நடுவே மரத்துள்ளது, கால் வலுவிழந்து வருகிறது என்றால், அது நீவிச் சரிசெய்யும் வலி அன்று. தண்டுவடத்தின் கீழ் நரம்புக் கற்றை நசுங்குகின்றது. உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காலம் தாழ்ந்தால் அந்த மனிதர் வாழ்நாள் முழுதும் முடங்கிவிடுவார். இரவில் படுத்தாலும் தணியாத வலி, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவையும் அவ்வாறே மருத்துவரிடம் அனுப்புதற்கு உரியவை. கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்பும் எங்கே கை வைப்பது என்பதற்கு மட்டுமன்று. எங்கே கையை எடுத்துக்கொள்வது என்பதற்கும் ஆகும். குறுக்கு வழிச் சான்றிதழ் கற்பிக்காதது இந்த இரண்டாம் பாதியே.

பெற்றோர் கல்லூரியில் பணம் கட்டுமுன் நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது? மாணவர் பயிலும் மருத்துவமனை எது, அங்கே நாள்தோறும் நோயாளர் வருகின்றனரா? இப்பட்டத்தைப் பதிவு செய்யும் கழகம் எது? பயிற்சி ஆண்டையும் சேர்த்துச் செலவு எவ்வளவு? இந்நான்கிற்கும் எழுத்தில் விடை தராத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

இறுதியாகத் தாய்தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள். எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்க்கு ஏற்பட்ட ஆறுதல் பரிசாகவே இந்தப் படிப்பைப் பல வீடுகளில் பேசுகின்றனர். உறவினர் கேட்டால் தாழ்ந்த குரலில் சொல்கின்றனர். அந்தக் குரல் பிள்ளையின் செவியில் விழுகின்றது. ஐந்தாண்டும் அது அவனோடு வகுப்பில் அமர்ந்திருக்கின்றது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் சொன்னதோடு நில்லாமல், அருகிருந்து பேணுபவனையும் சேர்த்தே மருத்துவம் நான்கு கூறுடையது என்றார். அறுவை மருத்துவர் எலும்பைப் பொருத்திவிட்டுச் சென்ற பின், மூன்று மாத காலம் நாள்தோறும் வந்து, "இன்னும் ஓர் அடி வையுங்கள் ஐயா" என்று சொல்லி நடக்க வைப்பவர் யார்? அவர் இல்லாவிடில் பொருத்திய எலும்பு இருந்தும் மூட்டு இறுகிப்போகும். விருப்பத்தோடு வரும் பிள்ளையை வாழ்த்தி அனுப்புங்கள். விருப்பமில்லாத பிள்ளையை, இடம் கிடைத்தது என்பதற்காகத் தள்ளாதீர்கள். மனமில்லாத கை பிறர் உடலைத் தொடுதல் நன்றன்று.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். சங்க நூலகத்தில் உடற்கூற்று நூல்கள் சிலவும், முதுகெலும்பின் மாதிரி உரு ஒன்றும் வாங்கி வைக்கலாம். ஏழு கழுத்தெலும்பு, பன்னிரண்டு முதுகெலும்பு, ஐந்து இடுப்பெலும்பு என்று விரலால் தொட்டு எண்ணிய சிறுவன் அதனை என்றும் மறவான். இத்துறையில் பயிலும் நம் குடும்பத்து மூத்த மாணவரை ஆண்டுக்கொரு முறை அழைத்து, இளையவரோடு பேசச் செய்யலாம். செலவு சிறிது, பயன் பெரிது.